டாங்கிளா, சர்வர் லைசன்ஸா?

டிசைன் சாஃப்ட்வேருக்கு லைசன்ஸ் வாங்கும்போது இந்த இரண்டில் எது நல்லது? எங்கள் டிசைன் பிரிவில் இரண்டையும் பார்த்துவிட்டேன். மூன்று பேருக்கு மேல் இருந்தால் சர்வர்தான் சரி.

டாங்கிள், கட்டைவிரல் அளவு யூஎஸ்பி துண்டு; அதைச் செருகிய கம்ப்யூட்டரில்தான் சாஃப்ட்வேர் ஓடும். இணையம் வேண்டாம், சைட்டுக்கும் எடுத்துப் போகலாம். ஆனால் ஒருவர் அதைச் சட்டைப்பையில் போட்டபடி ஊருக்குப் போய்விட, எங்களுக்கு 2 நாள் வேலை நின்றது.

சர்வர் என்பது ஆபீஸ் நெட்வொர்க்கில் எல்லோருக்கும் லைசன்ஸைப் பகிர்ந்து கொடுக்கும் கம்ப்யூட்டர். அதில் 5 லைசன்ஸ் இருந்தால் 8 பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். சாயங்காலம் 4 மணிக்கு 'லைசன்ஸ் காலியில்லை' என்று வரும், "யாராவது மூடுங்கப்பா!" என்று குரல் கொடுப்போம். ஃப்ளெக்ஸ்நெட் போன்ற, லைசன்ஸை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்களில், சும்மா திறந்து கிடக்கும் லைசன்ஸைத் திரும்ப எடுக்க டைம்அவுட் (நேர வரம்பு) வைக்கலாம். முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். அப்புறம், லைசன்ஸ் பெரும்பாலும் சர்வரின் மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கட்டப்பட்டிருக்கும். மதர்போர்டு மாற்றினால் அந்த எண்ணும் பெரும்பாலும் மாறிவிடும்; விற்றவரிடம் புது ஃபைல் கேட்டுக் காத்திருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு இது அநியாயம்.