பழைய லிஃப்ட் கிட்: ஸ்பேசரா, முழு செட்டா?

இசுசு வி-கிராஸ் பிக்கப் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2016-ல். அந்த வண்டிகளை உயர்த்தப் போட்டிருந்த லிஃப்ட் கிட்டுகள் இப்போது தனியாக விலைக்கு வருகின்றன. வண்டியில் முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). இந்த அமைப்புக்குப் பழசில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டுதான்: ஸ்ட்ரட்டின் (காயிலும் ஷாக்கும் சேர்ந்த முன்பக்கத் தூண்) தலையில் உட்காரும் ஸ்பேசர், அல்லது ஸ்பிரிங், ஷாக் (அதிர்வு தாங்கி), பின்பட்டை எல்லாம் சேர்ந்த முழு செட்.

ஸ்பேசரைப் பொருளாகப் பார்த்தால் பயம் குறைவு. தேய்வதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. போல்ட் துளையைச் சுற்றி விரிசல் இல்லாமல், மரை நன்றாக இருந்தால் சரி. வண்டியில் ஏறிய பிறகுதான் அது தன் குணத்தைக் காட்டும். ஸ்ட்ரட், சக்கரத்தைப் பிடிக்கும் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் நிற்பதால் 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய 50 மி.மீ. தூக்கும். இது தெரியாமல் இரண்டை அடுக்கி வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சக்கரம் தொங்கும்போது ஆக்சில் ஜாயின்ட்டும் பால் ஜாயின்ட்டும் தாங்கும் கோணத்தைத் தாண்டிவிடும்.

முழு செட்டில் கதையே வேறு. ஷாக்கின் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. தண்டில் கீறலோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் தொடவே வேண்டாம். கேஸ் ஷாக் என்றால் தண்டை அழுத்தி விடுங்கள்; இரண்டும் ஒரே வேகத்தில் தானாக எழ வேண்டும்.

ஸ்பிரிங்கை அளந்து பார்க்க முடியும். நண்பருக்காக ஒரு செட் பார்க்கப் போனபோது, இரண்டு காயிலையும் சிமென்ட் தரையில் நிற்க வைத்து மேலே ஒரு பலகையை வைத்தோம். பலகை சாய்ந்தது. டேப்பில் 9 மி.மீ. வித்தியாசம். ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் உயரமாகவே செய்யும் கிட்டுகளும் உண்டு என்பதால், அழுக்கைத் துடைத்து காயிலில் உள்ள பாக எண்ணைப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே எண். அப்படியென்றால் ஒன்று தளர்ந்திருக்கிறது. வாங்காமல் வந்துவிட்டோம்.

எடைக் கணக்கையும் விற்பவரிடம் கேளுங்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் சுமக்கச் செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் குதிரை மாதிரி குதிக்கும்.

பின்பக்கம் உயர்த்த, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கும் பிளாக்கா, புதிய வளைவுள்ள பட்டையா என்றால் நான் பட்டை பக்கம். பிளாக் வைத்தால் பிரேக் பிடிக்கும்போதும் வேகம் எடுக்கும்போதும் ஆக்சில் முறுக்குவது கூடும். எதைப் போட்டாலும் பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை முறுக்கி இறுக்கியது நீண்டிருக்கும். மறுபடி அதே பிடிப்பு கிடைக்காது.

என் தேர்வு இதுதான்: அளந்து சரியாக இருந்தால் காயிலும் பட்டையும் பழசு; ஷாக், ரப்பர் புஷ், யூ போல்ட், நட்டு எல்லாம் புதுசு. அதற்குப் பணம் போதவில்லையென்றால் ஒற்றை 25 மி.மீ. ஸ்பேசரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இறங்குவதற்கு முன் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்காமல் ஸ்பானரை எடுக்காதீர்கள்.

பொருத்தும்போது வண்டி ஜாக்கியில் நிற்கக்கூடாது. சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வேண்டும். அமுக்கி வைத்த காயில் நழுவினால் உயிருக்கே ஆபத்து. கொக்கி போட்டு வீட்டில் அமுக்காமல், சுவரில் பொருத்திய ஸ்பிரிங் கம்ப்ரசர் உள்ள பட்டறையில் கொடுங்கள். புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500-ல் இன்னொருமுறை, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) எல்லா போல்ட்டையும் சரிபாருங்கள், முதலில் யூ போல்ட்டை.