சாவிக்கொத்துச் சண்டை: கல்யாண சீரியல்களோடு சில வருஷங்கள்

பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம், அன்று ராத்திரியே "ஊருக்குத்தான் நாம புருஷன் பொண்டாட்டி" என்று ஒரு ஒப்பந்தம், அப்புறம் மெல்ல மெல்லக் காதல். இந்த வகை சீரியல்களை வருஷக்கணக்கில் பார்க்கிறேன். முன்பு டிவியில், இப்போது ஆப்பில். ஹீரோ ஹீரோயினுக்காகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் தொடர்ந்து உட்கார வைப்பது, வீட்டுச் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறது என்ற சண்டைதான்.

நன்றாக எழுதிய சீரியலில் பெரிய ரகசியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதைத் தெரிந்தவர்கள் மட்டும் ஒவ்வொருவராகக் கூடுவார்கள். ஹீரோ, மாமியார் பெற்ற பிள்ளை இல்லை என்பது மாமியாரின் சின்ன ஓரகத்திக்குத் தெரிந்துவிடுகிறது என்று வையுங்கள். அவள் யாரிடமும் மூச்சு விட மாட்டாள். மறுநாள் காலை, மாமியார் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்து, "அக்கா, எனக்கு ஒரு காபி" என்பாள். மாமியார் ஒரு நொடி நிற்பார், பிறகு எதுவும் பேசாமல் அடுப்படிக்குப் போவார். வசனமே இல்லாமல் வீட்டு அதிகாரம் கை மாறிவிடும். புதுமருமகள் மட்டும் இதைக் கவனித்திருப்பாள். இந்த மாதிரி ஒரு காட்சிக்காக இருபது எபிசோடு பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது, உண்மையைச் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் போன் அடிப்பது. ஒரு தடவை சரி. மாதக்கணக்கில் அதையே செய்தால், மிரட்டுகிறவள் மேலும் பயம் போய்விடுகிறது, மறைக்கிறவர் மேலும் இரக்கம் போய்விடுகிறது. அரைமணி நேர ஸ்லாட்டில் விளம்பரத்தையும் முன்கதையையும் கழித்து, ஒவ்வொரு முகத்துக்கும் மும்மூன்று தடவை ஜூம் போவதையும் கழித்தால் கதை என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆப்பில் தள்ளிவிட்டுப் பார்ப்பது பெரிய நிம்மதி. எந்த சீரியலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வியாழக்கிழமை வரும் பார்க் (BARC) ரேட்டிங்கைப் பார்த்து டிராக்கை மாற்றுகிறார்களோ என்றும் தோன்றும். நேற்றுவரை விஷம் வைத்த நாத்தனார் இன்று திடீரென்று தங்கமாகிவிடுவாள்.

சொத்துச் சண்டையில்தான் எனக்கு நிஜமான எரிச்சல். வில்லன் உயிலைக் கிழித்ததும் மொத்தக் குடும்பமும் தெருவுக்கு வந்துவிடுகிறது. எழுதியவரே கிழித்தாலோ, அவர் சொல்லி அவர் முன்னால் வேறொருவர் கிழித்தாலோதான் அது ரத்து. வில்லன் திருட்டுத்தனமாகக் கிழித்தால் ஆகாது. பதிவு செய்த உயில் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் நகல் இருக்கும். 'பொண்ணுக்கு என்ன பங்கு' என்று பெரியப்பா கர்ஜிப்பதும் அப்படித்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது, நாடு முழுக்க 2005-ல். இதை ஒரு மகள் எடுத்துப் பேசினால் கதை இன்னும் சூடாகும். எழுதுகிறவர்கள் அதைத் தொடுவதே அபூர்வம்.

மணப்பெண் மாறாட்டக் கதையிலும் ஒரு நல்ல முடிச்சை வீணாக்குகிறார்கள். ஏமாற்றி நடத்திய கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்க, இந்து திருமணச் சட்டம் 12-ஆவது பிரிவில் வழி உண்டு. ஏமாற்றியது தெரிந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். தெரிந்த பிறகும் முழுச் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்ந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். நம் ஜோடிகள் காதலில் விழுவதே அந்த ஓராண்டில்தான்! வக்கீலாக வருகிற ஹீரோவுக்குக்கூட இது உறைப்பதில்லை.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: கல்யாணத்திலிருந்து ரகசியம் உடைகிற வரைக்கும் தாராளமாகப் பாருங்கள். அதற்கப்புறம் கடத்தல், ஞாபக மறதி என்று போனால் எபிசோடைத் தாவிக் கொள்ளலாம். 'இவருக்குப் பதில் இவர்' கார்டு மாமனாருக்குப் போட்டால் சமாளித்துவிடலாம். சின்ன ஓரகத்திக்கே போட்டுவிட்டால் நான் வேறு சீரியலுக்குப் போய்விடுவேன்.