பழைய படகில் ஜிபிஎஸ்: டேஷ்போர்டை வெட்டிப் பதிப்பதா, பிராக்கெட்டில் நிறுத்துவதா?

பழைய ஃபைபர் படகுக்கு 7 அங்குலத் திரை கொண்ட ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (நீரின் ஆழம் காட்டும் கருவி) வாங்கியவர்கள் தடுமாறும் இடம் இது.

வேலை
பிராக்கெட்: நான்கு துளை, ஒரு மணி நேரம்.
பதித்தல்: அரை நாள். வெட்டும் முன் பின்பக்கம் கைவிட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங் கேபிள் குறுக்கே ஓடலாம், பிளக் வளைய இடம் இல்லாமல் போகலாம். மாஸ்கிங் டேப் ஒட்டி, மூலைகளில் துளையிட்டு, நுண்பல் பிளேடால் வெட்டுங்கள். டேப் இல்லையென்றால் ஜெல்கோட் (ஃபைபரின் மேல் பளபளப்புப் பூச்சு) சில்லுசில்லாய்ப் பெயரும். விளிம்பில் பிளைவுட் தெரிந்தால் எபாக்சி (ஈரம் புகாத பிசின்) பூசியே ஆகவேண்டும்; ஈரம் ஏறினால் பலகை உளுத்துவிடும்.

உறுதி
பதித்தது: அலையில் அசையாது.
பிராக்கெட்: ஆடும். அடியில் அகல வாஷரும் நைலாக் நட்டும் (நைலான் வளையம் உள்ள, அதிர்வில் கழலாத நட்டு) போடுங்கள். வெறும் ஸ்குரூ ஃபைபரில் பிய்த்துக்கொண்டு வரும்.

வயரிங்
இரண்டுக்கும் ஒன்றே: பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி வயர். பழைய வயரில் இணைத்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறங்கி கருவி அணைந்துவிடலாம். கருவி காம்பஸைப் பாதிக்கிறதா என்று அறிய, அதைப் போட்டு அணைத்து, காம்பஸ் முள் நகர்கிறதா என்றும் பாருங்கள்.

கரையில் திறந்தே கிடக்கும் படகுக்கு பிராக்கெட்தான். கருவியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பூட்டும் கேபின் இருந்தால் தாராளமாகப் பதியுங்கள்.