ஆறு வாரம், இரண்டு பேப்பர்: என் வலைப்பூவுக்கு எல்எல்சி போட்ட கதை

போன வாரம் நண்பன் ஒருவன் கூப்பிட்டான். சமையல் வலைப்பூ வைத்திருக்கிறான், விளம்பரத்தில் மாதாமாதம் காசு வர ஆரம்பித்துவிட்டது. "நீ எல்எல்சி வெச்சிருக்கியே, நானும் போட்டுடட்டுமா?" என்றான். எல்எல்சி என்றால், கம்பெனிக் கடனுக்கு உரிமையாளர் சொந்தமாகப் பொறுப்பாகாத ஒரு கம்பெனி வகை. இருவரும் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம்தான். ஒரு மணி நேரம் பேசினேன். அதில் முக்கால் மணி நேரம் செய்தித்தாளைத் திட்டியதிலேயே போய்விட்டது. அவனிடம் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது பழைய தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பது பற்றிய வலைப்பூ. விளம்பரமும், உதிரிபாகங்கள் விற்றால் கமிஷன் தரும் அஃபிலியேட் இணைப்புகளும்தான் வருமானம். 2021-ல் எல்எல்சி பதிவு செய்தேன். கட்டணம் 200 டாலர், ஆன்லைனில் அரை மணி நேர வேலை. வரிக்கான ஈஐஎன் எண், மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் தளத்திலேயே இலவசமாக உடனே கிடைத்தது. (இதற்குக் காசு கேட்கும் தளங்கள் நிறைய உண்டு, கொடுத்துவிடாதீர்கள்.) நானும் ஒரு கம்பெனிக்குச் சொந்தக்காரன் என்ற நினைப்பில் அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

அப்புறம்தான் பேப்பர் விவகாரம் தெரிந்தது. நியூயார்க் எல்எல்சி சட்டத்தில் 206-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பதிவான 120 நாளுக்குள் இரண்டு செய்தித்தாள்களில், ஒன்று நாளிதழ், ஒன்று வார இதழ், வாரம் ஒருமுறை வீதம் தொடர்ந்து ஆறு வாரம் அறிவிப்பு கொடுக்க வேண்டும். எந்தப் பேப்பர் என்பதையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது, நம் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) கிளார்க் சொல்வதுதான். முடிந்ததும் இரண்டு பேப்பர்களிடமிருந்தும் அச்சிட்டதற்கான அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) வாங்கி, அறிவிப்பு வெளியானதற்கான சான்றிதழோடு இணைத்து, இன்னொரு 50 டாலர் கட்டி மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். என் வலைப்பூ இணையத்தில் மட்டும் இருப்பது. அது பிறந்த செய்தியை, அதைப் படிப்பவர்களில் ஒருவர்கூட வாங்காத பேப்பரில் பன்னிரண்டு தடவை அச்சடிக்க வேண்டும். யார் பார்ப்பதற்காக? இந்த வேலை பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது. அரிசோனா, நெப்ராஸ்கா போன்ற ஒன்றிரண்டு மாநிலங்களில்தான் இதுமாதிரி உண்டு. வேடிக்கை என்னவென்றால், நியூயார்க்கிலேயே நான் எல்எல்சிக்குப் பதில் கார்ப்பரேஷன் என்ற பங்குதாரர் கம்பெனியைத் தொடங்கியிருந்தால் இந்த அறிவிப்பே தேவையில்லை.

நான் இருப்பது நியூயார்க் நகரத்துக்குள். இரண்டு பேப்பருக்கும் சேர்த்து ஆயிரம் டாலரைத் தாண்டியது. அந்த வருடம் வலைப்பூ சம்பாதித்ததே அவ்வளவு இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். போதாக்குறைக்கு வார இதழ்க்காரர்கள் முதல் வாரம் கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள். போன் மேல் போன் போட்டு, முதலிலிருந்து ஆறு வாரம் மறுபடி எண்ண வேண்டியதாயிற்று.

நாலாவது வாரம்தான் ஒருவர் சொன்னார்: எல்எல்சியின் அலுவலகம் எந்தக் கவுண்டி என்று பதிவுப் பத்திரத்தில் எழுதுகிறோமோ, அந்தக் கவுண்டிப் பேப்பர்தான் கணக்கு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பேப்பர் செலவு குறைவான ஆல்பனியில் (மாநிலத் தலைநகரம்) ஒரு ரிஜிஸ்டர்ட் ஏஜென்ட்டை, அதாவது சட்டக் கடிதங்களை நமக்காக வாங்கும் முகவரை, வைத்துக்கொண்டு, அந்த முகவரியைக் கொடுத்து, சில நூறு டாலரில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தால் இந்தப் பதிவில் பாதி இருந்திருக்காது.

பேப்பரில் போடாமலே விட்டால்? வியாபாரம் நடத்தும் அதிகாரம் இடைநிறுத்தம் ஆகும் என்கிறது சட்டம். அதே சட்டமே, அதனால் போட்ட ஒப்பந்தங்கள் செல்லாமல் போகாது, கம்பெனிக் கடனுக்கு உறுப்பினரும் (அதாவது உரிமையாளரும்) பொறுப்பாகிவிட மாட்டார் என்றும் சொல்கிறது. அப்படித் துணிந்து விட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

இன்னொரு எரிச்சல். சம்மன் அனுப்ப வேண்டிய முகவரியும் அறிவிப்பில் வர வேண்டும். நான் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அரசாங்கக் கடிதம் மாதிரியே இருக்கும் விளம்பரக் கடிதங்கள் வருகின்றன. "சான்றிதழ் நகல் வாங்குங்கள்", "தொழிலாளர் சட்டப் போஸ்டர் ஒட்டுங்கள்" என்று. எனக்குத் தொழிலாளர் என்று பார்த்தால் நான் ஒருவன்தான்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். அந்த முதல் வருடம் தாண்டிய பிறகு இது தொந்தரவே கொடுத்ததில்லை. மாநிலத்துக்கு வருடத்துக்கு ஒரு 25 டாலர் படிவம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு 9 டாலர் படிவம். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடத்துக்குக் குறைந்தது 800 டாலர் கட்டுகிறார்கள். 2024 கடைசியிலிருந்து கம்பெனியின் உரிமையாளர் விவரம் கொடு, வேண்டாம், கொடு என்று நீதிமன்ற வழக்குகளும் மத்திய அரசும் அலைக்கழித்ததும், 2025 மார்ச்சில் உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு அது வேண்டாம் என்று அடங்கிவிட்டது. தனி வங்கிக் கணக்கு இருப்பதால் வரி நேரத்தில் மளிகைச் செலவிலிருந்து ஹோஸ்டிங் செலவைப் பொறுக்கி எடுக்கும் வேலை இல்லை. இது உண்மையான நிம்மதி. ஆனால் எல்எல்சி இல்லாமலும் தனிக் கணக்கு வைக்க முடியும் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

வரி குறையும் என்றுதான் நண்பன் நினைத்திருந்தான். குறையாது. ஒரே ஆள் எல்எல்சியை ஐஆர்எஸ் தனியாகப் பார்ப்பதே இல்லை. சொந்த வரிக் கணக்கோடு பழையபடி ஷெட்யூல் சி படிவம், பழையபடி 15.3 சதவீத சுயதொழில் வரி. வரிக்கு மட்டும் எஸ் கார்ப் என்ற வேறொரு முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நமக்கு நாமே சம்பளப் பட்டியல் போடும் செலவைத் தாங்கும் லாபம் வந்த பிறகு பேச வேண்டிய பேச்சு அது. விசாவில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் முன்னால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பாதுகாப்பு? எல்லாரும் இதற்காகத்தானே போடுகிறோம். கம்பெனி வாங்கிய கடன் என் வீட்டு வாசலுக்கு வராது என்பது சரிதான். ஆனால் நானே எழுதிய அவதூறுக்கும், நானே எடுத்துப் போட்ட அடுத்தவர் படத்துக்கும் நான்தான் பொறுப்பு, கம்பெனி முன்னால் வந்து நிற்காது. பதிப்புரிமை வழக்கில் சட்டப்படியான இழப்பீடு ஒரு படத்துக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்தது என்றால் 1,50,000 வரை போகலாம். என் பதிவைப் பார்த்து மோட்டார் ஒயரை மாற்றி ஒருவருக்கு ஷாக் அடித்தாலும், அதை எழுதியது நான்தானே. ஒரே ஆள் எழுதும் வலைப்பூவில் ஆபத்து பெரும்பாலும் அந்த ஆளின் கையிலிருந்துதான் வருகிறது. அவதூறு, படம் மாதிரி வழக்குகளுக்கு ஊடகப் பொறுப்புக் காப்பீடுதான் மருந்து. அந்த ஆயிரம் டாலரை நான் அதில் போட்டிருக்க வேண்டும்.

அதனால் நண்பனிடம், "இப்போ வேண்டாம், ஆள் வெச்சு எழுதினா, பார்ட்னர் சேர்ந்தா, அப்போ பாரு" என்றேன். அவன் விடவில்லை. "அப்ப நீ ஏன் கலைக்கல?" என்றான்.

என் மேஜைக்கு மேலே ஒரு ஃபிரேம் மாட்டியிருக்கிறேன். உள்ளே அந்த வார இதழின் துண்டு, எழுத்து விழுந்துபோன முதல் அறிவிப்பு. இத்தனை வருடம் எழுதியதில் என் வலைப்பூவின் பெயர் காகிதத்தில் அச்சானது அந்த அறிவிப்புகளில் மட்டும்தான், அதிலும் இது தப்பாக. கலைக்க 60 டாலர்தான் ஆகும், தெரியும். இந்த வருடத்து 25 டாலரைக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே கட்டிவிட்டேன்.