சீகைக் கன்றும் மூன்று திரையும்: கோத்தகிரியில் ஒரு காணொளி நிகழ்த்துகலை

பழைய தேயிலைக் கிடங்குக்குள் 40 நிமிடம். நடுவில் நிகழ்த்துபவர் சீகை (சீகைக்காய் அல்ல, வாட்டில் எனும் ஆஸ்திரேலிய மரம்) கன்றுகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கி, அதே குழியில் புல் நடுகிறார், நகக்கண்ணெல்லாம் செம்மண். பின்னால் மூன்று திரைகளில் சோலை, புல்வெளி, தேயிலைச் சரிவு. விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து, பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் வளர்த்த சீகை, நீலகிரியின் புல்வெளியை விழுங்கியதை வசனமே இல்லாமல் உணர்த்திவிடுகிறார்கள். வெட்டினால் மட்டும் தீராது, மண்ணுக்குள் கிடக்கும் விதை பல ஆண்டு கழித்தும் முளைக்கும் என்பதையும் விடவில்லை. அருமை.

குறை ப்ரொஜெக்டரில்தான். கதவைத் திறந்ததும் மூடுபனி புகுந்து, குளிர்ந்த லென்ஸில் நீர் கோத்துப் படம் மங்கியது. அரை மணி முன்பே ஓடவிட்டுச் சூடாக்கியிருக்க வேண்டும். பனி ஒளியைச் சிதறடிக்கும். திரைக்கு நெருக்கமாக வைத்திருந்தாலும் பாதி சரியாகியிருக்கும்.

கம்பளி எடுத்துப் போங்கள். முன்வரிசையில் மண் தெறிக்கும்.