விக்கிமூலம்: நான் மெய்ப்பு பார்க்கக் கற்ற இடம்

தமிழ் இலக்கியம் படித்துவிட்டு ஒன்பது வருடம் குழந்தைகளோடு வீட்டில் இருந்தேன். அப்புறம் ஈரோட்டில் மெய்ப்பு பார்க்கும் வேலை, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தும் வேலை தேடியபோது போன இடமெல்லாம் "முன் அனுபவம் உண்டா?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தந்தது தமிழ் விக்கிமூலம். ஏழு மாதம், தினமும் ஒரு மணி நேரம், 640 பக்கம் மெய்ப்பு பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: விக்கிமூலம் என்பது தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச இணைய நூலகம். நாட்டுடைமையாக்கப்பட்ட, அதாவது அரசு உரிமை பெற்றுப் பொதுவாக்கிய நூல்களின் வருடல் (ஸ்கேன்) படங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு பக்கம் அச்சுப் படம், பக்கத்திலேயே கணினி அதைப் படித்துத் தந்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தி முடித்ததாகக் குறித்த பக்கத்தின் அடையாள நிறம் மஞ்சளாகும். அதை வேறொருவர் பார்த்துச் சரி என்றால்தான் பச்சை. நம் பக்கத்தை நாமே பச்சையாக்க முடியாது.

எனக்குப் பாடம் நடத்தியது அந்தப் பச்சைதான். முதல் மாதம் நான் விட்ட பிழைகளை யாரோ திருத்தியிருப்பதை பக்கத்தின் வரலாற்றில் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். துணைக்காலை (ா) கணினி 'ர' என்று படித்திருக்கும், நான் அப்படியே விட்டிருப்பேன். 'ண' வரவேண்டிய இடத்தில் 'ன' நின்றிருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் பழைய 'ணை', 'லை' வடிவங்களில் கணினி தடுமாறும். என் கண்ணும் தடுமாறியது. இரண்டாவது மாதத்தில் பழகிவிட்டது.

அதைவிடக் கடினம், கையைக் கட்டிக்கொள்வது. ஆசிரியர் ஒற்று போடாமல் விட்டிருந்தால் நாம் போடக்கூடாது. அச்சில் உள்ளபடியே இருக்க வேண்டும். இலக்கணம் படித்தவளுக்கு அது பெரிய பயிற்சி.

சம்பளம் கிடையாது. ஆனால் நான் செய்த ஒவ்வொரு திருத்தமும் என் பயனர் பெயரில், தேதியோடு, யாரும் பார்க்கும்படி இருக்கிறது. ஒரு சிறு பதிப்பகத்துக்கு அந்தப் பங்களிப்புப் பக்கத்தைத்தான் காட்டினேன். எட்டுப் பக்கம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள், அதற்கும் பணம் தந்தார்கள். இப்போது பக்கத்துக்கு 12 ரூபாய் வாங்குகிறேன்.

இன்னொரு இடத்தில் 'பயிற்சி' என்று சொல்லி நாற்பது பக்கத்தை இலவசமாகக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். ஊருக்குப் பொதுவான நூலுக்கு உழைப்பது வேறு, விற்கப்போகும் புத்தகத்துக்குக் கூலியில்லாமல் உழைப்பது வேறு. இதைத் தொடங்குகிற ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

விக்கிமூலத்தில் கிடைக்காதவையும் உண்டு. அங்கே கெடு கிடையாது, பதிப்பகத்தில் வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான். ஆசிரியரிடம் "இந்த வரி இப்படித்தானா?" என்று பதமாகக் கேட்கவும், தாளில் மெய்ப்புக் குறிகள் போடவும் வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்றேன்.

தொடங்குகிறீர்கள் என்றால் தமிழில் தட்டச்சு செய்யும் தமிழ்99 விசைப்பலகையை முதலில் பழகிவிடுங்கள். முதல் நூலாகக் கவிதையை எடுக்க வேண்டாம், வரி அமைப்பிலேயே நேரம் போய்விடும். அடிக்குறிப்பு அதிகமில்லாத சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்து, பத்துப் பக்கம் மஞ்சளாக்கிவிட்டு, பச்சை வரும்வரை காத்திருங்கள்.