ஊசி யார் கையில்? தஞ்சாவூரா, ஹாம்பர்க்கா, சிகாகோவா?

மருத்துவம் படிக்கும் பிள்ளை ஒரு மாதமாவது வெளிநாட்டு மருத்துவமனையில் பயிற்சி பெற வேண்டும் என்ற ஆசை இப்போது டெல்டாவிலும் பரவிவிட்டது. நெல் போட்ட பணத்தில் அதற்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கும் அப்பாக்களை எனக்குத் தெரியும். எந்த நாட்டுக்கு அனுப்பலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அங்கே நோயாளியின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது யார்?

அமெரிக்காவில் பெரும்பாலும் அதற்கென்றே தனி ஊழியர் இருக்கிறார். அப்சர்வர்ஷிப் என்று ஏஜென்டுகள் விற்பதில் மாணவருக்குக் கிடைப்பது கழுத்தில் ஓர் அட்டையும் ரவுண்ட்ஸில் பின்வரிசையில் ஓர் இடமும். நோயாளியைத் தொடக் கூடாது, கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதக் கூடாது. இதற்கு வாரக் கணக்கில் டாலர் கட்ட வேண்டும். கிளினிகல் எலக்டிவ் வேறு ரகம். பட்டம் வாங்குவதற்கு முன், மாணவராக இருக்கும்போதே, ஒரு பல்கலைக்கழகத்தின் வழியாகப் போவது அது. மேற்பார்வையில் பரிசோதனை செய்யலாம், நோய் விவரம் கேட்டுப் பேராசிரியரிடம் ஒப்பிக்கலாம். இடங்கள் குறைவு, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ‘ஸ்டெப் 1’-இல் தேர்ச்சி கேட்கும் கல்லூரிகளும் உண்டு. “எல்லாம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுகிறவருக்குக் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் அந்தப் பின்வரிசைதான்.

பிரிட்டனில் பட்டதாரிகள் செய்யும் கிளினிகல் அட்டாச்மென்டும் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலைதான். ஆனால் பார்க்கத் தகுந்த ஒன்று அங்கே உண்டு. நம் வார்டில் புற்றுநோய் என்று தெரிந்தால் மகனைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொல்கிறோம். கட்டிலில் இருக்கும் அம்மாவிடம் “சின்னக் கட்டி, சரியாகிவிடும்” என்கிறோம். அங்கே திரையை இழுத்துவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நோயாளியிடமே சொல்கிறார்கள். அவர் பேசும்வரை காத்திருக்கிறார்கள். அதை நேரில் பார்த்தவர் ஊர் திரும்பியதும் தாழ்வாரத்துப் பேச்சைக் கொஞ்சமாவது குறைத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். அங்கேயே வேலைக்குச் சேரும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வு எழுத வேண்டும். அதன் இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் போயே ஆக வேண்டும்.

கைவேலை கற்கவேண்டும் என்றால் என் ஓட்டு ஜெர்மனிக்கு. ஃபாமுலாட்டூர் எனப்படும் பயிற்சியை அந்நாட்டு மருத்துவ மாணவர்களே மொத்தம் 4 மாதம் செய்தாக வேண்டும். அதனால் மாணவரை வேலை வாங்கி அந்த வார்டுகளுக்குப் பழக்கம். காலையில் ட்ரேயை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் ரத்தம் எடுப்பது பல இடங்களில் மாணவர் வேலை. சிறிய ஊர் மருத்துவமனைகளுக்கு ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக எழுதிக் கேட்கலாம். சிக்கல் மொழிதான். ஜெர்மனில் பி2 நிலையாவது, அதாவது சரளமாக உரையாடும் அளவாவது, இல்லாமல் போவது வீண். பி2 இருந்தாலும், தேர்வில் கேட்ட ஜெர்மன் வேறு, எண்பது வயது மூதாட்டி பல்செட்டைக் கழற்றிவிட்டு முணுமுணுக்கும் ஜெர்மன் வேறு!

மலேசியா, சிங்கப்பூருக்குத் திருச்சியிலிருந்தே விமானம். தங்க உறவினர் வீடும் கிடைக்கும். செலவு மிச்சம் என்பதைத் தாண்டி நான் அதைப் பெரிதாகச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத போட்டியாளர் தஞ்சாவூர். 1959-இல் தொடங்கிய கல்லூரி. பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் ராசா மிராசுதார் மருத்துவமனை. இங்கே ரத்தம் எடுப்பது ஹவுஸ் சர்ஜன் எனப்படும் பயிற்சி மருத்துவர்தான், பல நேரம் டியூபை ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடுவதும் அவர்தான். சம்பா வயலிலிருந்து பாம்புக்கடி என்று ஒருவர் வந்தால், உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் விரியன் விஷம். விஷமுறிவு மருந்தை ஏற்றியாக வேண்டும். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியனிடம் இந்தச் சோதனை செல்லாது. தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார்; பல் பட்ட தடம்கூடத் தெரியாது; ரத்தம் ஒழுங்காக உறையும். இமை தொங்குவதைக் கவனித்தவர்தான் பிடிப்பார். சிகாகோவில் எத்தனை டாலர் கட்டினாலும் இதைக் கற்க முடியாது.

தேதியையும் கவனிக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி இங்கே படித்தவருக்கு 12 மாதக் கட்டாயப் பயிற்சி உண்டு. அதில் விடுப்பு 15 நாள்தான். நடுவில் ஒரு மாதம் பறந்துவிட்டு வந்தால் பயிற்சிக் காலம் நீளும். வெளிநாட்டிலேயே மருத்துவம் படிக்கிறவர்களுக்கு இன்னும் இறுக்கம்: 2021 நவம்பருக்குப் பின் சேர்ந்தவர்கள் படித்த கல்லூரியிலேயே 12 மாதம் முடித்து, இந்தியாவிலும் இன்னொரு 12 மாதம் செய்ய வேண்டும். “அங்கே படி, இங்கே வந்து ஒரே தடவையாகப் பயிற்சி முடித்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் முன்பணம் கொடுக்காமல் எழுந்துவிடுங்கள்.

அமெரிக்காதான் என்று முடிவு செய்தவர்கள் ஏஜென்டிடம் பரிந்துரைக் கடிதத்தைப் பற்றிக் கேளுங்கள். அங்கே ரெசிடென்சி எனப்படும் மேற்பயிற்சிக்கான விண்ணப்பத்தில் சேர்க்கும் கடிதத்தை எழுதிய மருத்துவர் தரப்பிலிருந்தே இணையத்தில் ஏற்றுவார்கள். “கடிதத்தைக் கையிலேயே தந்துவிடுகிறோம்” என்பது பதிலானால், அந்தப் பணத்தில் ஜெர்மன் வகுப்பில் சேரலாம்.